எஃப்டி8 லாக் எல்ஓடிடபிள்யூ-வில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை – எங்கே பார்ப்பது?

வைகை_ஆன்டெனா (மதுரை) | 2026 ஜனவரி 9, மாலை 6.50

அனைவருக்கும் வணக்கம். போன வருடம் ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசன்ஸ் கைக்கு வந்தது. ஜூன் மாதத்தில் இருந்து 40 மீட்டர் அலைவரிசையில் எஃப்டி8 (கணினி வழியாகச் சிறு செய்திகளைப் பரிமாறும் டிஜிட்டல் முறை) போட்டுக்கொண்டு இருக்கிறேன். மொட்டை மாடி அறையில் ரிக் (வானொலிக் கருவி), ஒரு லேப்டாப், வெளியே டைபோல் ஆன்டெனா. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் தொடர்பு முடிந்ததும் அது தானாக லாக் (தொடர்புப் பதிவேடு) மென்பொருளான லாக்ஃபோர்ஓஎம்முக்குப் போகிறது. வாரம் ஒருமுறை லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, டிகியூஎஸ்எல் நிரல் வழியாக எல்ஓடிடபிள்யூ-வுக்கு (இரண்டு பக்க லாக்கையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிப்படுத்தும் இணையச் சேவை) ஏற்றுகிறேன்.

ஏற்றும்போது பிழை எதுவும் காட்டுவதில்லை. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாகத்தான் பதில் வருகிறது. ஆனால் இன்றுவரை ஒரு உறுதிப்படுத்தல்கூட வரவில்லை. ஒன்றுகூட.

நேற்று ஜப்பானில் இருந்து ஒரு ஹாம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "அக்டோபர் 17, 15:00 யூடிசி (உலகப் பொது நேரம்), 40 மீட்டர், எஃப்டி8. உங்கள் லாக்கில் நான் இல்லையே, தயவுசெய்து பாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அவரோடு பேசியது எனக்கு நினைவிருக்கிறது, லாக்கிலும் அவர் அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்) இருக்கிறது. அப்புறம் ஏன் பொருந்தவில்லை? யாராவது வழிகாட்ட முடியுமா?

---

நாற்பது_மீட்டர் (திருச்சி) | இரவு 7.15

வாழ்த்துகள், வருக. சில கேள்விகள்:

டிகியூஎஸ்எல்-இல் சான்றிதழ் எந்த அழைப்புக்குறிக்கு வாங்கியிருக்கிறீர்கள்? நிலைய இருப்பிடத்தில் நாடு இந்தியா என்றுதானே இருக்கிறது? சிக்யூ மண்டலம் 22, ஐடியு மண்டலம் 41 (உலகைப் பிரித்திருக்கும் பகுதி எண்கள்) என்று வர வேண்டும். சான்றிதழ் கேட்கும்போது கொடுத்த முதல் தொடர்புத் தேதி சரியா? அந்தத் தேதிக்கு முந்தையவை ஏறாது.

ஒருவேளை சர்வர் பிரச்சினையோ என்றும் யோசித்தேன். 2024 மே மாதம் நடுவில், அந்தச் சேவையை நடத்தும் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் மீது நடந்த இணையத் தாக்குதலில் எல்ஓடிடபிள்யூ நின்றுபோய் ஜூலை 1-ஆம் தேதிதான் திரும்பி வந்தது. இப்போது அப்படி எதுவும் இல்லை. எனக்கு இன்று காலைகூட உறுதிப்படுத்தல்கள் வந்தன.

---

வைகை_ஆன்டெனா | இரவு 7.32

நன்றி சார். அழைப்புக்குறி, நாடு, மண்டலங்கள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. கிரிட் (இருப்பிடக் கட்டக் குறியீடு) எம்ஜே99. சான்றிதழ் தேதி லைசன்ஸ் தேதியில் இருந்தே தொடங்குகிறது. திரைப்பிடிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன், போடட்டுமா?

---

கோவை_டைபோல் (கோயம்புத்தூர்) | இரவு 8.05

தம்பி, திரைப்பிடிப்பு வேண்டாம். லாக் மென்பொருள் திரையில் அழகாகக் காட்டுவது வேறு, கோப்பில் எழுதி வைத்திருப்பது வேறு. கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

டபிள்யூஎஸ்ஜேடி-யில் ஃபைல் மெனுவைத் திறந்தால் லாக் கோப்புறையைத் திறக்கும் வரி ஒன்று இருக்கும். அதற்குள் 'டபிள்யூஎஸ்ஜேடிஎக்ஸ்_லாக்' என்ற பெயரில் ஒரு அடிஃப் (லாக் பரிமாறும் பொது வடிவம்) கோப்பு. அதை நோட்பேடில் திற. ஜப்பான்காரருடைய வரியைத் தேடி, அதில் தேதி, ஆரம்ப நேரம், பேண்ட், மோட் நான்கையும் இருக்கிற மாதிரியே இங்கே எழுது. அழைப்புக்குறிகளை எழுத வேண்டாம்.

இன்னொன்று. டபிள்யூஎஸ்ஜேடி திரையில் இடப்பக்கம் கீழே தேதியும் நேரமும் பெரிதாக ஓடும். அது இப்போது என்ன காட்டுகிறது, உன் கைபேசி என்ன காட்டுகிறது, இரண்டையும் ஒரே நிமிடத்தில் பார்த்து எழுது.

---

வைகை_ஆன்டெனா | இரவு 8.49

மாடிக்குப் போய்ப் பார்த்து வந்தேன் சார்.

கோப்பில்: தேதி 20251018, ஆரம்ப நேரம் 033000, பேண்ட் 40மீ, மோட் எஃப்டி8.

திரையில்: 2026 ஜனவரி 10, 04:46. கைபேசியில்: ஜனவரி 9, இரவு 8.46. லேப்டாப்பின் மூலையில் விண்டோஸ் கடிகாரமும் ஜனவரி 9, 8.46 என்றே காட்டுகிறது. அதனால் நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

தாம்பரம்_யாகி | இரவு 9.02

நேரம் சரியில்லை. பிரச்சினையே அதுதான்.

நம் நேரம் யூடிசி-யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 8.46 என்றால் யூடிசி 15:16, தேதி ஜனவரி 9. உங்கள் டபிள்யூஎஸ்ஜேடி நாளைய தேதி போட்டு 04:46 என்கிறது. பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

எல்ஓடிடபிள்யூ இரண்டு பக்க லாக்கையும் ஒப்பிடும்போது அழைப்புக்குறிகள், பேண்ட், மோட் பொருந்த வேண்டும், நேரம் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பதிவு எதுவும் அந்த அரை மணிக்குள் வரவே வராது. பதிவின் வடிவத்தில் தவறு இல்லாததால் ஏற்றுக்கொள்கிறது. ஜோடி கிடைக்காமல் அப்படியே நிற்கிறது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ஜப்பான்காரர் அக்டோபர் 17, 15:00 என்கிறார். உங்கள் கோப்பு அக்டோபர் 18, 03:30 என்கிறது. அது பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான். இன்றைக்கு பதின்மூன்றரை, அன்றைக்கு பன்னிரண்டரை. இந்த ஒரு மணி நேரம் எங்கே போனது?

---

வைகை_ஆன்டெனா | இரவு 9.10

அக்கா, புரியவில்லை. எஃப்டி8-க்கு நேரம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே. பதின்மூன்று மணி நேரம் தவறாக இருந்தால் ஒரு நிலையத்தைக்கூடப் பிடித்திருக்க முடியாதே? எனக்குத் திரை நிறைய வருகிறது, டிடி (நேர விலகல், விநாடியில்) எல்லாம் 0.2, 0.3 என்றுதான் காட்டுகிறது.

---

கோவை_டைபோல் | இரவு 9.25

நல்ல கேள்வி. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எஃப்டி8-ஐ 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேவும் உருவாக்கியபோது 15 விநாடித் துண்டுகளாக வைத்தார்கள். ஒரு நிமிடத்தில் நான்கு துண்டு: 0, 15, 30, 45. ஒரு துண்டில் நீ அனுப்புவாய், அடுத்ததில் அவர் அனுப்புவார். நிரல் கேட்பதெல்லாம் துண்டு எந்த விநாடியில் தொடங்குகிறது என்பதைத்தான். அது ஒன்றிரண்டு விநாடி பிசகினால் படிக்க முடியாமல் போகும். ஆனால் மணி 3-ஆ 16-ஆ, இன்றா நாளையா என்பது அதற்குத் தேவையே இல்லை. மணியும் தேதியும் லாக்கில் எழுதத்தான் பயன்படுகின்றன. டிடி 0.2 என்பது உன் விநாடி முள் சரி என்று மட்டுமே சொல்கிறது.

அதனால் வானொலி வேலை அத்தனையும் சரியாக நடக்கும், லாக் மட்டும் மாதக்கணக்கில் தவறாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். சந்தேகம் வர வழியே இல்லை.

இப்போது சொல்: அந்த லேப்டாப் எங்கே வாங்கியது? விண்டோஸ் நேர அமைப்பில் நேர மண்டலம் என்ன என்று இருக்கிறது?

---

வைகை_ஆன்டெனா | இரவு 9.41

அண்ணன் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது சார். பார்த்தேன். நேர மண்டலம் "பசிபிக்" என்று இருக்கிறது! மாடியில் இணையம் கிடையாது, அதனால் தானாக நேரம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிட்டு கைபேசியைப் பார்த்துக் கையால் வைத்தேன். விநாடியை மட்டும் டிடி-யைப் பார்த்துத் திருத்தும் ஒரு சிறு நிரல் சரிசெய்துகொள்ளும்.

இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் பின்தங்கி இருந்தது. உள்ளே இருக்கும் பேட்டரி போய்விட்டது போல என்று திருத்தி வைத்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

---

தாம்பரம்_யாகி | இரவு 9.58

இருக்கிறது! காணாமல் போன ஒரு மணி நேரம் அங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அமெரிக்காவில் கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம். 2025-இல் நவம்பர் 2 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். உங்கள் லேப்டாப் தான் கலிபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதையே செய்திருக்கிறது.

கணக்கு இப்படி வருகிறது. கோடையில் பசிபிக் நேரம் யூடிசி-க்கு 7 மணி நேரம் பின்னால். நீங்கள் இரவு 8.30 என்று வைத்ததும் விண்டோஸ் அதோடு 7 சேர்த்து மறுநாள் 03:30 யூடிசி என்று முடிவு செய்தது. உண்மையில் அப்போது 15:00. வித்தியாசம் 12:30, ஜப்பான்காரர் சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது. குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். அதனால் இன்றைக்கு 13:30.

ஆகவே உங்கள் லாக்கை ஒரே அளவு நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஒரு தேதி வரை 12:30, அதற்குப் பிறகு 13:30. அந்தத் தேதி நவம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் தானாகப் பின்னால் வைத்தபோது காட்டும் நேரம்தான் மாறியது, உள்ளே ஓடும் யூடிசி மாறவில்லை. நீங்கள் கையால் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினீர்களே, அந்த நொடியில்தான் உள்ளே இருந்த யூடிசி-யும் தாவியது. எல்லைக்கோடு அது.

---

வைகை_ஆன்டெனா | இரவு 10.06

எந்த நாள் திருத்தினேன் என்று சரியாக நினைவில்லையே அக்கா.

---

தாம்பரம்_யாகி | இரவு 10.14

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். மூலம் 'கெர்னல்-ஜெனரல்', எண் 1 என்று வடிகட்டுங்கள். கணினி நேரம் எதில் இருந்து எதற்கு மாறியது என்று வரும். உங்கள் விநாடி திருத்தும் நிரல் போட்ட சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். முழுதாக ஒரு மணி நேரம் தாவியது ஒன்றுதான் இருக்கும்.

---

ரிக்_ஆன் (சேலம்) | இரவு 10.20

இவ்வளவு சிரமம் தேவையா? பழைய லாக்கை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்கு நேர மண்டலத்தை மாற்றிப் புதிதாகத் தொடங்கினால் முடிந்தது. எஃப்டி8 தொடர்புதானே, அதே நிலையங்கள் திரும்ப வரும்.

---

கோவை_டைபோல் | இரவு 10.44

இதை நான் ஏற்கவில்லை, காரணத்தையும் சொல்கிறேன்.

லாக் நமக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒவ்வொரு வரியிலும் இன்னொருவர் இருக்கிறார். ஜப்பானில் இருக்கிற அந்த மனிதர் நடு இரவில் உட்கார்ந்து இந்தத் தம்பியின் சிக்னலைப் பிடித்திருக்கிறார். எம்ஜே99 கிரிட் அவருக்கு முதல்முறையாக இருக்கலாம். மூன்று மாதம் காத்திருந்துவிட்டுத்தான் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். கேட்காமல் காத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. தகவல் நம் கையில் இருக்கும்போது, அது திருத்தக்கூடியதாகவும் இருக்கும்போது, "திரும்ப வரும்" என்று விடுவது சரியில்லை.

நேரம் எழுதுவது இந்தப் பொழுதுபோக்கில் அலங்காரமும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டு இருந்தது. அந்தமானில் மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் செய்திகளைக் கடத்தும் வேலையை அந்த நிலையம் எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு நாளில் "இன்னார் பத்திரமாக இருக்கிறார்" என்ற செய்தி வந்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மணி நிலவரம் என்பதுதான். சாதாரண நாளில் சரியாக எழுதிப் பழகிய கைதான் அன்றைக்கும் சரியாக எழுதும்.

தம்பி, திருத்து. கூட இருந்து முடித்துக் கொடுக்கிறோம்.

---

வைகை_ஆன்டெனா | இரவு 11.02

திருத்தவே விரும்புகிறேன் சார். கெர்னல்-ஜெனரல் பதிவு கிடைத்துவிட்டது! யூடிசி கணக்கில் 2025 நவம்பர் 6, 02:40-இல் இருந்து 03:40-க்கு மாறியதாக இருக்கிறது. அப்படியென்றால் நம் நேரத்தில் நவம்பர் 5 மாலை 7.40. ஆமாம், அன்று வேலை முடிந்து வந்து ரிக்கை ஆன் செய்தபோதுதான் பார்த்தேன்.

---

தாம்பரம்_யாகி | இரவு 11.20

அருமை. அந்த மாற்றத்தால் 02:40-க்கும் 03:40-க்கும் இடையில் உங்கள் லாக்கில் எந்தப் பதிவும் இருக்கவே முடியாது. எந்தப் பதிவு எந்தப் பக்கம் என்ற குழப்பம் கிடையாது.

இன்றைக்கு இரவு எதையும் திருத்த வேண்டாம். முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

நேர மண்டலத்தை மாற்றுங்கள். விண்டோஸ் பட்டியலில் யூடிசி+05:30-க்கு நேராகச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று ஒரே வரியில் இருக்கும். அப்புறம் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைத்து நேரத்தை ஒத்திசையுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-யின் மூலையில் இருக்கும் நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டினால் கைபேசி நேரம் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த சிக்யூ (பொது அழைப்பு).

பிறகு மூன்று கோப்புகளை நகல் எடுங்கள்: டபிள்யூஎஸ்ஜேடி-யின் அடிஃப் லாக், அதே கோப்புறையில் இருக்கும் ஆல்.டிஎக்ஸ்டி, லாக்ஃபோர்ஓஎம்மின் எஸ்கியூலைட் கோப்பு. பென்டிரைவில் போட்டு "திருத்தாத அசல்" என்று பெயர் வையுங்கள். அந்த நகலை எக்காரணம் கொண்டும் திறந்து சேமிக்கக் கூடாது. திருத்தத்தில் தவறினால் திரும்பிப் போக அது ஒன்றுதான் இடம்.

---

யாழ்_வயர் (யாழ்ப்பாணம்) | ஜனவரி 10, காலை 6.30

இந்த இழையைப் பார்த்துத்தான் நானும் என் லாக்கைத் திறந்து பார்த்தேன். எனக்கும் சில நாள் பதிவுகள் சரி, சில நாள் பதிவுகள் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிழை. ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் வைத்திருக்கிறேன். நேர வலயம் இரண்டிலும் சரியாகவே இருக்கிறது. விண்டோசில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தனியே ஒன்று உண்டு, அதைத்தான் வைத்திருக்கிறேன். எங்களுக்கும் இப்போது உங்களைப் போல ஐந்தரைதான்.

---

நாற்பது_மீட்டர் | காலை 7.05

உங்களுடையது வேறு நோய். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி-யில் வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கும். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முந்தையது எழுதிவிட்டுப் போனதை இது தவறாகப் படிக்கும். லினக்சில் ஒரு கட்டளையால் மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அதை யூடிசி என்று சொல்லலாம். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள், இரண்டிலும் செய்தால் மறுபடி மோதும்.

---

யாழ்_வயர் | காலை 7.20

மிக்க நன்றி. லினக்ஸ் பக்கம் மாற்றிவிட்டேன், இரண்டிலும் ஒரே நேரம் வருகிறது. பழைய பதிவுகளைப் பிரித்தெடுத்துத் திருத்துகிறேன்.

---

வைகை_ஆன்டெனா | காலை 9.15

மண்டலம் மாற்றியாயிற்று, மூலையில் யூடிசி சரியாக ஓடுகிறது, நகல்களும் எடுத்துவிட்டேன். இப்போது அடிஃப் கோப்பைத் திருத்த வேண்டும். எக்செல்லில் போட்டு 12:30-ஐக் கழித்தால் போதுமா?

---

நாற்பது_மீட்டர் | காலை 9.40

எக்செல்லில் செய்யலாம், ஆனால் கண்ணி நிறைய இருக்கிறது.

அடிஃப் கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயரும் நீளமும் இருக்கும். தேதிக்கு 8, நேரத்துக்கு 6. உங்கள் ஜப்பான் பதிவின் நேரம் 033000. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூச்சியத்தைத் தின்றுவிட்டு 33000 ஆக்கிவிடும். நீளம் 6 என்று இருக்கும், உள்ளே 5 எழுத்துதான் இருக்கும், இறக்குமதி அங்கேயே தடுமாறும். அந்த நெடுவரிசைகளை உரை என்று வைத்த பிறகே கொட்ட வேண்டும்.

இரண்டாவது, தேதியையும் நேரத்தையும் தனித்தனியாகக் கழிக்கக் கூடாது. சேர்த்து ஒரே மதிப்பாக்கி, கழித்து, திரும்பப் பிரிக்க வேண்டும். அக்டோபர் 18, 03:30-இல் இருந்து 12:30 போனால் அக்டோபர் 17, 15:00. தேதியும் பின்னால் போக வேண்டும். மாதத்தின் முதல் நாள் பதிவுகளில் மாதமே மாறும்.

மூன்றாவது, டபிள்யூஎஸ்ஜேடி முடிவுத் தேதி, முடிவு நேரம் என்று இன்னும் இரண்டு எழுதுகிறது. நான்கையும் திருத்த வேண்டும். ஆரம்பத்தை மட்டும் திருத்தினால் அரை நாள் நீடித்த தொடர்பு மாதிரி தெரியும்.

நான் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதித் தருகிறேன். கோப்பைப் படிக்கும், ஆரம்ப நேரம் 2025 நவம்பர் 6, 02:40-க்கு முந்தையதா என்று பார்க்கும், முந்தையது என்றால் 12:30, இல்லையென்றால் 13:30 கழித்துப் புதிய கோப்பில் எழுதும். பழைய கோப்பைத் தொடாது. வேறு எந்தத் தகவலையும் மாற்றாது. மண்டலத்தை மாற்றிய பிறகு நீங்கள் செய்த தொடர்பு ஏதாவது இருந்தால் அதை இதில் சேர்க்காதீர்கள், அது ஏற்கனவே சரி.

---

வானலை_வாசகி (புதுச்சேரி) | காலை 10.10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், அடிஃப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். குறிப்புப் பகுதியில் தமிழில் எழுதி வைப்பது என் வழக்கம். வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது அந்தப் பதிவுகளில் மட்டும் பாதி வெட்டுப்பட்டு, அடுத்து வருகிற தகவலும் காணாமல் போகிறது.

---

தாம்பரம்_யாகி | காலை 10.35

அதுவும் அந்த நீள எண் செய்கிற வேலைதான். "நன்றி" என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். எழுதிய மென்பொருள் ஐந்து என்று குறித்து, படிக்கும் மென்பொருள் பைட்டாக எண்ணினால் முதல் ஐந்து பைட்டோடு நிறுத்திவிடும். மிச்சம் குப்பையாகி அடுத்த தகவலோடு ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண அடிஃப் கோப்பு ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. பிற மொழி எழுத்துகளுக்கென்று அதன் எக்ஸ்எம்எல் வடிவத்தில் தனிப் புலங்கள் உண்டு, ஆனால் எல்லா மென்பொருளும் அதைப் படிப்பதில்லை. தமிழ்க் குறிப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் அது பத்திரமாகவே இருக்கும். வெளியே ஏற்றும் கோப்பில் மட்டும் குறிப்புப் புலத்தைச் சேர்க்காமல் ஏற்றுமதி செய்யுங்கள். எல்ஓடிடபிள்யூ-வுக்கு அது தேவையும் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களிடம் இந்தப் பிழையைத் தெரிவியுங்கள், நானும் தெரிவிக்கிறேன். தமிழில் லாக் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

---

வானலை_வாசகி | காலை 10.48

நன்றி. அப்படியே செய்கிறேன். என்னுடைய கியூஓ-100 செயற்கைக்கோள் தொடர்புகளும் எல்ஓடிடபிள்யூ-வில் பொருந்துவதில்லை. நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

---

கோவை_டைபோல் | காலை 11.05

செயற்கைக்கோள் தொடர்பு என்று கோப்பில் சொல்லியிருக்கிறீர்களா? பரவல் முறை என்ற புலத்தில் 'சாட்' என்றும், செயற்கைக்கோள் பெயர் புலத்தில் கியூஓ-100 என்று இடைக்கோட்டோடும் இருக்க வேண்டும். அனுப்பும் பேண்ட் 13 செமீ, வாங்கும் பேண்ட் 3 செமீ. பரவல் முறை இல்லாவிட்டால் சாதாரணத் தரைத் தொடர்பாக எடுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கத்தோடு பொருந்தாது.

---

வைகை_ஆன்டெனா | பிற்பகல் 2.30

நிரல் வந்தது, ஓட்டினேன். ஜப்பான் பதிவு இப்போது 20251017, 150000. நேற்று இரவு தொடர்பு கொண்ட ஒரு நிலையத்தையும் எடுத்துப் பார்த்தேன்: பழைய கோப்பில் ஜனவரி 10, 04:40, புதியதில் ஜனவரி 9, 15:10. இரவு 8.40-க்குப் பேசியது, சரியாக வருகிறது.

ஏற்றுவதற்கு முன் இரண்டு சந்தேகம். எல்ஓடிடபிள்யூ-வில் ஏற்கனவே ஏறிய தவறான பதிவுகளை எப்படி அழிப்பது? லாக்ஃபோர்ஓஎம்மில் புதிய கோப்பை இறக்கினால் எல்லாம் இரண்டு இரண்டாக வருமா?

---

தாம்பரம்_யாகி | பிற்பகல் 2.55

எல்ஓடிடபிள்யூ-வில் ஏறியதை நாம் அழிக்க முடியாது. அழிக்கவும் வேண்டாம். நேரம் வேறு என்பதால் திருத்தியவை புதிய பதிவுகளாக ஏறும். பழையவை ஜோடி இல்லாமல் கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. கிளப்லாக் போன்ற இடங்களில் ஏற்றியிருந்தால் அங்கே முழு லாக்கையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம்.

லாக்ஃபோர்ஓஎம்மில் பழைய தரவுத்தளத்தின் மேலேயே இறக்கினால் நிச்சயம் இரட்டையாகும். புதிதாக ஒரு தரவுத்தளம் உருவாக்கி அதற்குள் இறக்குங்கள். டபிள்யூஎஸ்ஜேடி கோப்புறையில் இருக்கும் அடிஃப் லாக்கையும் திருத்திய கோப்பால் மாற்றிவிடுங்கள். யாரோடு ஏற்கனவே பேசியிருக்கிறீர்கள் என்று நிறம் காட்டுவது அந்தக் கோப்பை வைத்துத்தான். மாற்றும்போது டபிள்யூஎஸ்ஜேடி மூடியிருக்க வேண்டும்.

புதிய தரவுத்தளத்துக்கு மாறிய பிறகு தொடர்புகள் தானாக வந்து விழுகின்றனவா என்று ஒரு தொடர்பு செய்து பாருங்கள். விழாவிட்டால் யூடிபி போர்ட் 2237-ஐ (நிரல்கள் தமக்குள் தகவல் அனுப்பும் வழி) வேறு ஏதாவது நிரல் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரைபடம் காட்டும் நிரல்கள் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்போது மல்டிகாஸ்ட் முகவரி கொடுத்தால் எல்லா நிரலும் சேர்ந்து கேட்கும்.

---

ரிக்_ஆன் | மாலை 4.10

நேற்று நான் விட்டுவிடச் சொன்னேன். கோவை சார் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். எனக்கும் பதில் போடாமல் கிடக்கும் சில மின்னஞ்சல்கள் இருக்கின்றன, இந்த வாரம் உட்கார்ந்து லாக்கைப் பார்க்கிறேன்.

---

வைகை_ஆன்டெனா | ஜனவரி 11, காலை 8.20

இரவு ஏற்றினேன். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் பொருந்திவிட்டது! ஜப்பான், இந்தோனேசியா, ரஷ்யா, இத்தாலி என்று வரிசையாக இருக்கிறது. அந்த ஜப்பான் நண்பருக்கு என்ன நடந்தது என்று விளக்கி எழுதினேன், அவருடைய பதிவும் உறுதியாகிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மண்டலம் சரியாக இருந்தால் இனி மாடியில் இணையம் இல்லாமல் ஓட்டலாம் அல்லவா?

---

கோவை_டைபோல் | காலை 9.00

ஓட்டலாம். விநாடி மெல்ல நகரும் என்பதால் வாரம் ஒருமுறை ஹாட்ஸ்பாட்டில் ஒத்திசை, அல்லது ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் வாங்கி வைத்துக்கொள். கூடவே ஒரு காகித நோட்டும் மேசையில் இருக்கட்டும். தினம் முதல் தொடர்பை மட்டுமாவது கைபேசியில் யூடிசி பார்த்து அதில் எழுது, மாலையில் மென்பொருளோடு ஒப்பிட்டுப் பார். நேரம் மறுபடி பிசகினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, இன்றே செய்துவிடு. உன் எல்ஓடிடபிள்யூ சான்றிதழ் அந்த ஒரு லேப்டாப்பில்தான் இருக்கிறது. டிகியூஎஸ்எல் ஃபைல் மெனுவில் காப்பு எடுக்கும் வரி உண்டு, சான்றிதழ், நிலைய இருப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்து டிபிகே என்று முடியும் ஒரே கோப்பாகக் கொடுக்கும். அதை "திருத்தாத அசல்" இருக்கும் பென்டிரைவில் வேண்டாம், வேறொன்றில் போட்டுக் கீழ் வீட்டில் வை. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், முடிவதற்கு முன்பே டிகியூஎஸ்எல் வழியாகப் புதுப்பித்துவிடு. 73 (வாழ்த்துகள்).